எஸ். விஸ்வநாதன் என்று இரண்டு பேர்

மட்டாஞ்சேரியில் எத்தனையோ பேர் எதற்கெல்லாமோ காத்திருக்கிறார்கள். மிளகு விலை ஏறுவதற்கு, ஜெட்டியில் படகு வருவதற்கு, துபாயிலிருந்து போன் வருவதற்கு. ஆனால் டேட்டாபேஸ் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் எப்போது அச்சாகி வரும் என்று சித்திரை விஷுவிலிருந்து ஆடி மாதமான கர்க்கடகம் வரை ஏங்கிக்கொண்டிருந்த ஆத்மா ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். அது மீனாக்ஷி.

பார்த்தால் அந்த மாதிரிப் புத்தகம் படிக்கிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாற்பது வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. கல்யாணம் ஒன்று ஆகி, சத்தமில்லாமல் முடிந்தும் போயிருந்தது. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஊர் விவசாயி எந்த மூட்டையைக் கொண்டுவந்தார், அது எந்தக் கப்பலில் ஏறிப்போனது என்பதெல்லாம் அவள் பராமரிக்கிற டேட்டாபேஸில் இருக்கும். வேலையில் புலி. மற்ற நேரத்தில் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். ஜன்னலுக்கு வெளியே காயல், காயலுக்கு அப்பால் வல்லார்பாடத்துத் துறைமுகக் கிரேன்கள், உள்ளே சுக்கு வாசனை. கனவு காண்கிற சுபாவம் உள்ள ஒருத்தியை இப்படி ஓர் இடத்தில் உட்கார்த்தி வைத்தால் பிறகு அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

புத்தகத்தை எழுதியவள் பெயர் இங்கிரிட். நார்வேயில் பெர்கன் என்ற ஊர்க்காரி. இப்போதெல்லாம் இந்த மாதிரிப் புத்தகங்களை எழுத எழுத ஒவ்வோர் அத்தியாயமாக இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். வேண்டியவர்கள் படித்துவிட்டு இது புரியவில்லை, அது தப்பு என்று எழுதலாம். சமைத்து முடிப்பதற்குள் பந்தியில் உட்காரவைத்து உப்பு பார்க்கச் சொல்கிற ஏற்பாடு. மீனாக்ஷி ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் உப்பு பார்த்தாள். இங்கிரிட் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். நடுவில் இங்கே மழை, அங்கேயும் மழையா என்றும் கேட்டுக்கொண்டார்கள். பெர்கனிலும் வருஷம் முழுக்க மழையாம். அதைக் கேட்டதிலிருந்து மீனாக்ஷிக்கு அந்த ஊர் காயலின் மறு கரையில்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

எட்டாவது அத்தியாயத்தில்தான் விஷயம் ஆரம்பித்தது. ஒரு டேட்டாபேஸில் ஒரே மாதிரி இரண்டு பதிவுகள் இருந்தால், அவை ஒரே ஆளுடையவையா, இரண்டு ஆட்களுடையவையா என்று எப்படித் தீர்மானிப்பது என்பது அந்த அத்தியாயம். பெயரும் இனிஷியலும் வீடும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம் என இங்கிரிட் எழுதியிருந்தாள். பாவம், அவள் பாலக்காட்டு வழி வந்த தமிழ்ப் பிராமணக் குடும்பம் எதையும் பார்த்ததில்லை.

அந்தக் குடும்பங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். அது மாறவே மாறாது. மீனாக்ஷியின் தாத்தா எஸ். விஸ்வநாதன், 'எஸ்' என்பது அவருடைய அப்பா சிவசங்கரன். அந்த விஸ்வநாதனின் மகன் மறுபடியும் சிவசங்கரன். அவர்தான் மீனாக்ஷியின் அப்பா. அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை, மீனாக்ஷியின் தம்பி, மறுபடியும் எஸ். விஸ்வநாதன். ஒரே பெயர், ஒரே இனிஷியல், அதே தெரு, அதே வீடு, வாசலில் அதே பெயர்ப்பலகை. தம்பி பிறந்தபோது பலகையை மாற்றுகிற செலவு மிச்சம் என்று தாத்தா சொன்னாராம்.

இதெல்லாம் தெரிந்த மீனாக்ஷியே ஏமாந்துபோனாள் என்பதுதான் வேடிக்கை. தெருவிலுள்ள பிராமண சமூகச் சங்கத்தின் பழைய உறுப்பினர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கச் சொல்லி அவளிடம் கேட்டிருந்தார்கள். ஏற்றினாள். ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருந்தால் சேர்த்துவிடும்படி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரலும் எழுதி ஓடவிட்டுவிட்டு சாயா குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் வீட்டுக்கு நேரே ஒரே ஒரு விஸ்வநாதன் இருந்தார். பிறந்தது தாத்தா பிறந்த வருஷம். இறந்தது தம்பி இறந்த வருஷம்.

தம்பி இறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. வல்லார்பாடம் டெர்மினலில் வேலை பார்த்தான். ஒரு மழை நாளில் வேலைக்குப் போகிற வழியில் பைக் சறுக்கிவிட்டது. இருபத்தாறு வயது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அவள் கொடுத்துவைத்தவள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அந்தத் தப்பை மீனாக்ஷி உடனே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. நாள் முழுக்க அந்த ஒற்றை விஸ்வநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறுக்குக் கொஞ்சம் குறைவாக வாழ்ந்துவிட்டுப் போன ஒரு மனிதர். நடுவில் யாரும் சாகவில்லை. தாத்தாவின் மல்வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, கையில் தம்பியின் ஹெல்மெட்டோடு அவர் ஜெட்டியில் இறங்கிப் பஜார் ரோடு வழியாக நடந்து வருவதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். மிளகுக் கிடங்குகளின் வாசலில் நின்று ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அது தாத்தாவின் பழக்கம். பிறகு தம்பி மாதிரி விசிலடித்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வரை மீனாக்ஷிக்கு மனசு நிறைந்து இருந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

இதை அப்படியே இங்கிரிட்டுக்கு எழுதினாள். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு நீண்ட பதில் வந்தது. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதப்போவதாகவும், மீனாக்ஷி சம்மதித்தால் இந்த இரண்டு பேரையும் அதே பெயரில் உதாரணமாகப் போடுவதாகவும் சொல்லியிருந்தாள். முதலில் நிரல் செய்த தப்பு. கீழே சரியான டேபிள். அதில் இரண்டு வரி. இரண்டிலும் எஸ். விஸ்வநாதன், இரண்டிலும் அதே வீடு, ஆனால் தனித்தனி எண், தனித்தனிப் பிறந்த வருஷம். 'பெயர் ஒன்றாக இருக்கலாம், மனிதர்கள் ஒன்றல்ல' என்று அதன் அடியில் ஒரு வாக்கியம். மீனாக்ஷி உடனே சம்மதம் எழுதினாள். அப்பாவிடம் கேட்கவில்லை.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது? அந்தப் பெயரைத்தான் அவர் சொல்வதில்லையே.

தம்பி உயிரோடு இருந்தபோதும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். மாமனார் பெயரை அம்மா சொல்லக்கூடாது. பெற்ற அப்பா பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட அப்பாவுக்கு வாய் வராது. பெயர் வைத்த அன்று காதில் சொன்னதோடு சரி. வீட்டில் அவன் குட்டன். குட்டன் போன பிறகு அப்பா அந்தச் சொல்லையும் விட்டுவிட்டார். அது மட்டுமானால் தாங்கிக்கொள்ளலாம். அமாவாசைதோறும் தர்ப்பணத்தில் அவர் தன் அப்பாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். காரியங்கள் முடிந்து வந்த முதல் அமாவாசையன்று தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாத்தியார் மந்திரத்தை எடுத்துக்கொடுத்தார். பெயர் வருகிற இடத்தில் அப்பா நின்றார். வாத்தியார் இரண்டாம் முறை சொன்னார். அப்பா தர்ப்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அதற்கப்புறம் தர்ப்பணமே கிடையாது. கர்க்கடக வாவு என்கிற ஆடி அமாவாசையன்று ஊரே முன்னோருக்குப் பலியிட ஆற்றங்கரையில் நிற்கும்போது அவர் திருப்பூணித்துறையில் ஒரு சிநேகிதர் வீட்டில் போய் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருவார். பேசுவார், சாப்பிடுவார், கரண்ட் பில்லில் தப்புக் கண்டுபிடிப்பார். பிள்ளை என்று ஒருவன் இருந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அவருடைய மனசிலும் அந்த நிரல் ஓடிவிட்டது என்று மீனாக்ஷி நினைத்தாள். இரண்டு விஸ்வநாதன்களும் ஒருவராகிப்போனார்கள். ஒருவரைச் சொன்னால் மற்றவன் எழுந்து வருகிறான். அச்சில், காகிதத்தில், தனித்தனி வரியில் அவர்களைப் பார்த்தால் ஒருவேளை அப்பாவின் வாய் திறக்கும். டேட்டாபேஸ் புத்தகத்தால் ஆகிற காரியமா இது என்று யாரும் சிரிக்கலாம். ஆனால் அவள் அதைத்தான் நம்பினாள்.

இடவ மாதத்தில் வரும் என்றார்கள். பிறகு அடுத்த மாதம், மிதுனம் என்றார்கள். படங்கள் சரியாக வரவில்லையாம். அச்சகத்தில் ஏதோ தாமதமாம். கடைசியில் ஒரு நாள் புத்தகம் வெளியாகிவிட்டது என்று மெயில் வந்தது. கணினியில் உடனே படிக்கலாம் என்றும் இருந்தது. மீனாக்ஷி திறக்கவில்லை. இங்கிரிட் தன் கையால் ஒரு பிரதியைத் தபாலில் போட்டிருந்தாள். அது வரட்டும், அப்பாவோடு சேர்ந்தே பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள். தனியாகத் தீபாவளிப் பட்சணத்தைத் தின்றுவிட்ட குற்றம் தனக்கு வேண்டாம் என்பது அவள் கணக்கு.

அதற்குப் பிறகு அவள் ஆபீஸில் இருந்தாள் என்று சொல்வதே தப்பு. கிரேன் தூக்குகிற ஒவ்வொரு பெட்டியிலும் தன் புத்தகம் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். தபால் ஆகாயத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? அவளுடைய புத்தகம் கடல் வழியாகத்தான் வந்தது. பெர்கனில் மழையில் நனைந்து, ஏதேதோ துறைமுகங்களில் தூங்கி எழுந்து, வல்லார்பாடத்துக்கு வந்து, தம்பி உட்கார்ந்திருந்த மேஜைக்கு முன்னால் நின்றது. தம்பி தலை நிமிராமல் முத்திரை குத்தி உள்ளே விட்டான். தன் பெயர் அதற்குள் இருப்பது அவனுக்குத் தெரியாது.

"மீனாக்ஷி. நான் பறையறது கேட்டயா?"

கிடங்கு மேலாளர் முகமது இஸ்மாயில் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாலக்காட்டு ராவுத்தர், தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். கையில் இரண்டு சாயா.

"கேட்டேன் சேட்டா."

"ஒண்ணும் கேக்கல. புஸ்தகம் எத்தியோன்னு கேட்டேன்."

"இன்னும் இல்லை."

"நாளன்னிக்கு வாவு இல்லையா? அப்பா பலி இடப் போவாரா?"

அவருக்கு எல்லாம் தெரியும். தம்பியைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். மீனாக்ஷி சாயாவை வாங்கிக்கொண்டு இல்லை என்று தலையசைத்தாள்.

"புஸ்தகத்தைக் காட்டினா சொல்லிருவாருன்னு நெனைக்கறயா?" என்றார் இஸ்மாயில். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அதைப் பாத்துட்டு மனுஷன் இன்னும் ஒடைஞ்சு போயிட்டா என்ன செய்வே?"

மீனாக்ஷிக்கும் அந்தப் பயம் இருந்தது. 

"தெரியலை சேட்டா," என்றாள். "ஆனா இப்படியே இருந்தா குட்டன் பொறக்கவே இல்லைங்கற மாதிரி ஆயிடும். அது என்னால முடியலை."

இஸ்மாயில் அவளுடைய மேஜையில் கிடந்த மிளகு மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது மழை விட்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரில் ஆகாயம் கிடந்தது. மீனாக்ஷி அதை மிதிக்காமல் ஓரமாக வந்தாள். வாசலிலேயே கிழித்த தடிமனான காகிதம் கிடந்தது. அதில் வெளிநாட்டுத் தபால்தலை. மழையில் ஊறிய ஒரு மலைப் படம்.

அப்பா கூடத்து ஜன்னலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம். மூக்குக் கண்ணாடி, காதில் பென்சில். எத்தனையோ மாதமாக ஒத்திகை பார்த்திருந்தாள் மீனாக்ஷி. எப்படி ஆரம்பிப்பது, எந்தப் பக்கத்தைப் பிரிப்பது, தான் எங்கே உட்காருவது என்றெல்லாம். எல்லாம் வீணாய்ப்போயிற்று. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பார்சல் வந்தது. ஒன் பேருக்குத்தான். பிரிச்சுட்டேன்," என்றார் அப்பா.

"அது பரவாயில்லைப்பா."

"முன்னுரையில ஒனக்கு நன்னி எழுதியிருக்கா. எட்டாவது அத்தியாயத்துக்குன்னு போட்டிருந்தது. அதான் பாத்தேன்."

குரலில் ஒன்றும் தெரியவில்லை. மீனாக்ஷி அருகே போனாள். பக்கம் திறந்துதான் இருந்தது. நிரல் செய்த தப்பு மேலே. கீழே அவள் இத்தனை மாதமாகக் காத்திருந்த டேபிள்.

அதில் ஒரு வரிதான் இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எஸ். விஸ்வநாதன், வீடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. அதோடு கோடு போட்டு முடித்திருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் யாரோ ஒரு மகா ஜாக்கிரதைக்காரர் இதைப் பார்த்திருக்கிறார். அதே பெயரும் அதே வீடும் இரண்டு தடவை வந்திருக்கிறதே, டைப் அடித்தவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று இரண்டாவதை அடித்துவிட்டிருக்கிறார். அப்படிச் செய்யாதே என்று சொல்வதற்காகவே எழுதிய அத்தியாயத்தில் அதையே செய்துவைத்திருக்கிறார். அந்தப் புண்ணியவான் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். மீனாக்ஷிக்கு அந்த நிமிஷம் அவரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போலிருந்தது.

"தப்பு இருக்கு, பாத்தியோ?" என்றார் அப்பா. பென்சில் முனை அந்த வரிக்குக் கீழே நின்றது. "அடியில ரெண்டு மனுஷா ஒண்ணில்லைன்னு எழுதியிருக்கா. மேலே பாத்தா ஒருத்தர்தான் இருக்கார். இது எங்கப்பா."

"ஆமாம்பா."

"அப்போ மத்தவன் எங்கே?"

 "நான் இங்கிரிட்டுக்கு எழுதறேன். ரெண்டு வரி இருந்தது, நானே பாத்தேன். அடுத்த பதிப்புல சரி பண்ணிடுவா."

"அடுத்தது எப்போ வரும்?"

"தெரியாதுப்பா. ரெண்டு மூணு வருஷம் ஆகலாம்."

"அது வரைக்கும் அவன் கிடையாதாக்கும்," என்றார் அப்பா.

சாதாரணமாகத்தான் சொன்னார்.  பென்சிலைக் காதில் செருகினார்; அது கீழே விழுந்தது. மீனாக்ஷி எடுக்கவில்லை. அப்பாவும் குனியவில்லை.

"இப்போவே எழுது," என்றார். "நான் சொல்றேன். ஒன்னை நம்பினா நீ எங்கயாவது பாத்துண்டு உக்காந்திருப்பே."

லேப்டாப்பைத் திறந்தாள். பதிப்பாளரின் பக்கத்தில் பிழை சொல்வதற்கென்று ஓர் இடம் இருந்தது. பக்க எண்ணைப் போட்டாள். என்ன இருக்கிறது என்று எழுதினாள். என்ன இருக்க வேண்டும் என்ற பெட்டிக்கு வந்து நின்றாள். அங்கே எழுத வேண்டியது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என்ன விட்டுப்போயிருக்குன்னு கேக்கறாப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர் வீட்டு ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் உதடு இரண்டு முறை அசைந்து சத்தம் வராமல் நின்றது. இதோ எழுந்து உள்ளே போய்விடுவார் என்று மீனாக்ஷி நினைத்தாள்.

"விஸ்வநாதன்," என்றார். பிறகு, இன்னொருவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது போல, "எஸ். விஸ்வநாதன். என் பிள்ளை."

அவள் அடித்தாள். திரை மங்கலாகத் தெரிந்தது.

"பொறந்தது தொண்ணூத்திரெண்டு. போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்புறம் என்ன கட்டம் இருக்கு?"

"அவ்வளவுதான்பா. பேர், வீடு, வருஷம்."

"அது எப்படிப் போறும்?" என்றார் அப்பா. அவருக்குக் கோபம் வந்திருந்தது. வங்கியில் வேலை பார்த்த காலத்தில் கணக்கு இடித்தபோதெல்லாம் வருமே, அந்தப் பழைய கோபம். "எங்கப்பாவுக்கும் அதே பேர், அதே வீடு. வருஷத்தை மட்டும் மாத்திட்டா இவன் ஆயிடுவானா? குளிக்கறச்சே பாடுவான். அதுக்குக் கட்டம் இல்லையோ?"

"இல்லைப்பா."

"போடச் சொல்லு. என்னை விட ஒசரம். அதுக்கொண்ணு. சாயாவுல சக்கரை போட்டுக்க மாட்டான். பள்ளுருத்தி பஸ்ஸுல ஏறி உக்காந்தா தூங்கிப்போயிடுவான், தோப்பும்படியில எறங்கணும்னா கடைசி ஸ்டாப்புல போய் எறங்கி நடந்து வருவான். எழுதறயா?"

"எழுதறேன்பா."

"செருப்பை நேரா வெக்கத் தெரியாது. ஒண்ணு இங்கே, ஒண்ணு அங்கே. நான் தெனமும் நேரா வெச்சேன். ஒரு நாளாவது அதைக் கவனிச்சானான்னு எனக்குத் தெரியாது. அதையும் எழுது."

மீனாக்ஷி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே போனாள். அந்தப் பெட்டியில் இத்தனை எழுத்துகள்தான் கொள்ளும் என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். செருப்பு என்ற இடத்தில் அது நிரம்பிவிட்டது. அதற்கு மேல் எதை அழுத்தினாலும் திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பா ஜன்னலைப் பார்த்தபடி விஸ்வநாதன் நாலு வயதில் காய்ச்சலில் கிடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். விசைகளின் சத்தம் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார் என்று அவள் விரல்களை ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.